நான்கு சக்கரமும் சுற்றும் என்று நம்பியவன்

நான்கு சக்கரமும் சுற்றும் என்று சொல்லி ஒரு வண்டியை விற்றால், நான்கு சக்கரமும் சுற்றும் என்று நம்பினேன். இதில் என்ன முட்டாள்தனம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் எட்டு மாதம் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி, கண்ணில் விழுந்த செம்மண்ணைத் துடைத்துக்கொண்டு.

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. நாகர்கோவிலில் ஒரு அரசு அலுவலகத்தில் எழுத்தர். பிறந்தது நாஞ்சில் நாட்டில் ஒரு நெல்வயல் ஊர். எங்கள் பக்கத்தில் ஏற்றம் என்றால் குளத்தங்கரையில் ஏறுவதுதான். அதற்கே எனக்கு மூச்சு வாங்கும். பெண் எடுத்தது திற்பரப்புக்கும் மேலே, ரப்பர்க்காரர்கள் வீட்டில். பங்கு பிரித்தபோது என் மனைவிக்கு விழுந்தது மலையில் கடைசியாக இருந்த சிறு தோட்டம். அதைத் தாண்டினால் காடு. தோட்டத்துக்குக் கீழே ஒரு செங்குத்தான ஏற்றம். அதற்குக் கீழே ஒரு கிலோமீட்டர் மண்பாதை. பிறகு ஓடை. ஓடைக்கு இந்தப் பக்கம் அவள் பிறந்த வீடும், ரப்பர்ப் பாலை உறையவைத்து ஷீட் அடிக்கும் கொட்டகையும். சாமான் ஆட்டோ ஓடை வரைக்கும் வரும். வந்து நின்று, மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும்.

அந்தத் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள் என் மனைவியோடு ஒரே பெஞ்சில் படித்தவள். விடிந்ததும் மரம் மரமாகப் போவாள். முந்தின வெட்டில் வழிந்து பட்டையோடு காய்ந்துபோன பாலை முதலில் ஒரே இழுப்பில் உரித்தெடுப்பாள். அதற்குப் பெயர் ஒட்டுப்பால். அதையும் விற்கலாம் என்பதால் இடுப்பில் கட்டிய பையில் போட்டுக்கொள்வாள். பிறகு புதிதாக வெட்டு. மரத்தில் கட்டிய தேங்காய்ச் சிரட்டைகளில் வடிந்த பாலைக் கேனில் சேர்த்து, கேனைத் தலையில் வைத்து, அந்த ஏற்றத்தில் இறங்கி, ஒரு கிலோமீட்டர் நடந்து கொட்டகைக்கு வருவாள். இருபது வருடமாக இதுதான்.

போன மழையில் அந்த ஏற்றத்தில் வழுக்கி விழுந்தாள். பால் முழுதும் செம்மண்ணில் வெள்ளையாக ஓடியது. இடது முழங்கால் முட்டு வீங்கி மூன்று வாரம் படுத்தாள். எழுந்து வந்தவள் என் மனைவியிடம் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

“ஏட்டி, வெட்டுக்கு நான் வருவேன். மேல நின்னு எத்தன மரம் வேணும்னாலும் வெட்டுவேன். ஆனா அடுத்த எடவப்பாதிக்கு இந்தக் கேனத் தலையில வச்சிட்டு எறங்க மாட்டேனாக்கும். முட்டு போச்சுன்னா எனக்கு வேற முட்டு வாங்கித் தருவியா?”

எடவப்பாதி என்பது ஜூன் மாதத்தில் தொடங்கும் மழை. அதுவரை எட்டு மாதம் இருந்தது.

என் மனைவி அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. வெட்டத் தெரிந்தவர்கள் எல்லாம் களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்ட காலம். இவள் நின்றுவிட்டால் வேறு ஆள் கிடையாது. வெட்டாத தோட்டம் இரண்டே மழையில் காடாகிவிடும். இதற்காகவே காத்திருந்தவர் போல அவளுடைய அண்ணன் வந்தார். திருவட்டாற்றுப் பக்கம் பெரிய தோட்டம் வைத்திருப்பவர்.

“மாப்ள, அத எங்கிட்ட விட்டுத் தாங்க. மரத்த முறிச்சிட்டு அன்னாசி போடுதேன். ஒங்களால மலையும் ஏற முடியாது, தோட்டமும் நடத்த முடியாது. நீங்க ஃபைல் பாக்குத ஆளு.”

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். என் வாழ்க்கையின் முக்கியமான சேதங்கள் எல்லாம் இப்படித்தான் தொடங்கியிருக்கின்றன.

“பழைய ஃபோர் வீல் வண்டி ஒண்ணு வாங்கப் போறேன் அத்தான். நானே ரிப்பேர் பாத்து, நானே மேல ஏத்துவேன்.”

அதுவரை நான் ரிப்பேர் பார்த்த ஒரே பொருள் அலுவலகத்து ஸ்டேப்ளர்.

மலையில் ஏதோ ஒரு தோட்டத்தில் ஓடி ஓய்ந்த வண்டி கிடைத்தது. நீளமான உடம்பு, பாசி நிறம், பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு. காகிதமெல்லாம் காலாவதி ஆகியிருந்ததால் சாலையில் ஓட்டக் கூடாது. மினி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து ஓடைக்கரை வீட்டு முற்றத்தில் இறக்கினோம். ஓட்டுநர் பக்கத்துக் கதவை வெளியிலிருந்து மட்டும்தான் திறக்க முடியும். பின் சீட்டுக்குள் ஒரு எலிக் குடும்பம் இருந்தது. காலி செய்ய வைப்பதற்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ரப்பர் வீடுகளில் எதற்கும் மருந்து பால்தான். குடையில் ஓட்டையா, ஒரு துணியில் பால் நனைத்து ஒட்டுவார்கள். செருப்பு பிளந்தால் பால், கூரை ஒழுகினால் பால், பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு அட்டை போடவும் பால். கல்யாணமான புதிதில் என் சட்டைப் பை கிழிந்தபோதுகூட மாமியார் ஊசியைத் தேடவில்லை, சிரட்டையைத் தேடினார். வயல்காட்டுக்காரனான எனக்கு இது வாய்க்கவே இல்லை. நான் ஒட்டினால் விரல்கள்தான் ஒன்றோடொன்று ஒட்டும். பதினெட்டு வருடமாக அந்த வீட்டில் நான் வெளியாள்.

வண்டி வந்த முதல் வாரம், அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். முன் சக்கரங்கள் இரண்டிலும் நடுவில் ஒரு வட்டமான மூடி. அதில் ஒரு பள்ளம், சுற்றிலும் மயிரிழை அளவு இடைவெளி, சேற்றுக்குள் ஏதோ தேய்ந்த எழுத்துகள். பின் சக்கரங்களில் அந்த இடைவெளி இல்லை. நான் யோசித்தேன். யோசித்தேன் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் யோசிக்காமல் செய்தேன் என்று நினைக்கிறார்கள். ஓடையைத் தாண்டும்போது இதன் வழியாகத் தண்ணீர் உள்ளே போகுமே! யாருக்கும் தோன்றாதது எனக்குத் தோன்றிவிட்டது. ஒரு சிரட்டைப் பால் எடுத்தேன். மூடியின் மேல் ஒரு பூச்சு, அதன் மேல் மெல்லிய துணி, அதன் மேல் இன்னும் இரண்டு பூச்சு. இரண்டு நாள் காயவிட்டு மேலே கறுப்புப் பெயிண்ட். கையால் தடவினால் கன்றுக்குட்டியின் மூக்கு மாதிரி வழுவழுவென்று இருந்தது.

என் மனைவி குனிந்து பார்த்தாள். விரலால் தட்டிப் பார்த்தாள்.

“கொள்ளாமே! நீங்க நம்ம வீட்டு ஆளு ஆயிட்டிய.”

பதினெட்டு வருடத்தில் அந்தக் குடும்பம் எனக்குக் கொடுத்த முதல் சான்றிதழ். அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

இரண்டாவது வாரம் முதல் ஏற்றம். ஐப்பசி மழை பெய்து ஓய்ந்திருந்தது. கியருக்குப் பக்கத்தில் ஒரு குட்டி லிவர் உண்டு. அதை முன்னால் தள்ளினால் நான்கு சக்கரமும் இழுக்கும் என்று விற்றவர் சொல்லியிருந்தார். தள்ளினேன். என் மனைவி பக்கத்து சீட்டில். ஓடையைக் கடந்தோம், மண்பாதையைக் கடந்தோம், ஏற்றத்தில் பாதி போனோம். அங்கே வண்டி நின்றது. பின் சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்தன. பிறகு வண்டி, யாரையும் கேட்காமல், பின்னால் போகத் தொடங்கியது.

இதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி இரண்டு விதமான வாக்குமூலங்கள் உண்டு. நிலைமையை வெளியிலிருந்து ஆராய்வதற்காக நான் இறங்கினேன் என்பது என்னுடையது. நான் குதித்தேன் என்பது மற்ற எல்லோருடையதும். கதவை உள்ளிருந்து திறக்க முடியாது என்பதால் ஜன்னல் வழியாகக் குதித்தேன். என் வயதுக்கும் வயிற்றுக்கும் அந்த ஜன்னல் போதாது. இன்றுவரை எப்படி வெளியே வந்தேன் என்று எனக்கே தெரியாது. செருப்பு ஒன்று உள்ளே, நான் ஈஞ்சம்புதரில். தெரிந்த சாமி எல்லாரையும் கூப்பிட்டு முடித்த பிறகுதான், வண்டிக்குள் என் மனைவி இருப்பது நினைவுக்கு வந்தது.

அவள் கை நீட்டி ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கியரைப் போட்டு, ஒரு பலாமரத்துக்கு அரையடி முன்னால் வண்டியை நிறுத்தியிருந்தாள்.

மேலேயிருந்து பால்வெட்டுக்காரி தலையில் கேனோடு ஒவ்வொரு அடியாக, பக்கவாட்டில் இறங்கி வந்தாள். என்னைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள்.

“ஏட்டி, சாரு எங்க போறாரு?”

“எறங்கிட்டாரு,” என்றாள் என் மனைவி.

“வண்டி நின்ன பெறவு எறங்கப்படாதா?”

அவள் கேனை இறக்கி வைக்காமலே கடந்து போனாள். ஏற்றத்தின் அடியில் போய்த்தான் நின்று முட்டைத் தடவினாள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன், அதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் திருவட்டாற்றில் ஒரு மெக்கானிக்கைப் பார்க்கப் போனேன். கல்ஃபில் பத்துப் பதினைந்து வருடம் பாலைவனத்து வண்டிகளைப் பார்த்தவர். ஷெட்டுக்கு எதிரில் டீக்கடை. டீக்கடை பெஞ்சில், என் கெட்ட நேரம், மனைவியின் அண்ணன், என் மச்சான்.

வண்டியை வீட்டில் விட்டுவிட்டு, வராத நோயாளிக்காக வைத்தியரிடம் பேசுகிறவன் மாதிரி அறிகுறிகளைச் சொன்னேன். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“முன்வீல்ல ஹப்ப லாக்குல போட்டியளா சாரே?”

அப்படி ஒன்றை நான் வாழ்நாளில் கேட்டதில்லை. அது என்னவென்று கேட்டிருந்தால் அந்த நிமிடமே முடிந்திருக்கும். ஆனால் எதிரில் மச்சான் டீ கிளாஸை வாயில் வைத்தபடி, குடிக்காமல், காதை இந்தப் பக்கம் வைத்திருந்தார்.

“அதெல்லாம் போட்டாச்சு,” என்றேன்.

“அப்பொ வேற என்னமோ கோளாறு. ஞாயித்துக்கெழம நான் வந்து பாக்கட்டா?”

“வேண்டாம், வேண்டாம். நானே பாத்துக்கிடுதேன்.”

மச்சான் டீயைக் குடித்தார்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைப் பற்றி வீடியோ தேடினேன். ஒரு வெள்ளைக்காரர் தன் வண்டிக்குள் உட்கார்ந்து ஒரு பொத்தானை அமுக்கினார், லாக் ஆகிவிட்டது என்றார். நம் வண்டிக்குள் போய்ப் பார்த்தேன், அப்படிப் பொத்தான் இல்லை. முப்பது வருடமாகப் படிவங்களைப் பார்க்கிறவன் நான். இல்லாத ஒன்றைப் பற்றிக் கேள்வி இருந்தால் ‘பொருந்தாது’ என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகவேண்டியதுதான். போனேன்.

அதன் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் எனக்கு முதுகு வலிக்கிறது. சனிக்கிழமை மாலை பேருந்தில் வருவோம். காலையில் எழுந்து வண்டிக்கு அடியில் போவேன். போவது எளிது. வெளியே வருவதற்கு முதலில் கவிழ வேண்டும், பிறகு முழங்கையை ஊன்ற வேண்டும், பிறகு கொஞ்ச நேரம் வாழ்க்கையைப் பற்றி நினைக்க வேண்டும், பிறகு மனைவியைக் கூப்பிட வேண்டும். அவள் காலைப் பிடித்து இழுப்பாள்.

“இன்னைக்கு என்ன கண்டுபிடிச்சிய?”

ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்திருப்பேன். முதலில் குட்டி லிவர் ஆடுகிறது என்று கண்டுபிடித்தேன். அதன் அடியில் தேய்ந்துபோன ரப்பர் வளையத்தை மாற்ற மூன்று ஞாயிறு. வண்டி ஏறவில்லை. எண்ணெய் கறுத்திருந்தது, வடித்து மாற்றினேன். வடித்ததில் பாதி என் காதுக்குள் போனது. வண்டி ஏறவில்லை. பிறகு அறிவியல் முறையில் அணுக முடிவு செய்தேன். மனைவியை ஓட்டச் சொல்லி, ஏற்றத்தின் அடியில் பக்கவாட்டில் குப்புறப் படுத்துப் பார்த்தேன். முன்பக்கம் போகிற இரும்புத் தண்டு சுற்றியது. சந்தேகமே இல்லை, நன்றாகச் சுற்றியது. பின் சக்கரங்கள் மண்ணைத் தோண்டின. முன் சக்கரங்கள் மட்டும் அசையாமல் நின்றன. அவை பிடிமானத்தோடு நிற்கின்றன என்று எடுத்துக்கொண்டேன். பொறுப்பான சக்கரங்கள்.

அலுவலகத்தில் தினமும் இதைத்தான் செய்கிறோம். கடிதம் அனுப்பியதாகப் பதிவேட்டில் இருக்கும். போய்ச் சேர்ந்ததா என்று யாரும் பார்க்க மாட்டோம்.

தண்டு சரி, ஆகவே டயர்தான் சரியில்லை என்று நான்கு டயரையும் மாற்றினேன். புது டயர் இன்னும் அழகாகத் தோண்டியது. முன்பக்கம் கனம் போதாது என்று பம்பரில் இரண்டு மணல் மூட்டை கட்டினேன். வண்டி தலை குனிந்து, மன்னிப்புக் கேட்பது போல நின்றது. பிறகு பாதைதான் காரணம் என்று ஏற்றத்தில் கல் பரப்பினேன். முதல் முயற்சியிலேயே பின் சக்கரங்கள் அந்தக் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து என்மேல் எறிந்தன.

மாசியில் இலை உதிர்ந்து வெட்டு நின்றது. அந்த இடைவெளியில் பால்வெட்டுக்காரிக்கு முட்டு கொஞ்சம் தேவலை. பங்குனி கடைசியில் மரம் தளிர்த்ததும் மறுபடி வெட்டத் தொடங்கினாள். மறுபடி கேன், மறுபடி அந்த ஏற்றம். முற்றத்தில் கேனை இறக்கும்போதெல்லாம் வண்டிக்கு அடியில் தெரிகிற என் கால்களிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போவாள்.

“சாரே, உயிரு உண்டா?”

“உண்டு.”

“வண்டிக்கா, ஒங்களுக்கா?”

ஒருநாள் மட்டும் கேலி செய்யவில்லை. கீழ்த்தோட்டத்துக்காரர் ஒருவர், சாலை ஓரத்துத் தோட்டத்துக்கு வெட்ட வரச் சொல்லிக் கேட்டிருக்கிறார் என்றாள். “ரோட்டுமேல தோட்டம். தலையில சொமடு கெடையாது. நான் ஒண்ணும் சொல்லல்ல. எடவப்பாதி வரட்டும்னு சொன்னேன்.” சொல்லிவிட்டு என் மனைவியைப் பார்க்காமல் கைகழுவப் போனாள்.

அன்று என் மனைவி என் காலைப் பிடித்து இழுத்துவிட்டு, நான் எழுந்திருப்பதற்காகக் கை நீட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஒங்களால முடியலேன்னா சொல்லிருங்க. அண்ணன்ட்ட குடுத்திரலாம். எனக்கு வெசனம் ஒண்ணும் இல்ல.”

வெசனம் இல்லை என்று அவள் சொல்லும்போது எவ்வளவு இருக்கும் என்பது பதினெட்டு வருடத்தில் எனக்குத் தெரியும். எனக்கு அலுத்துவிட்டது. அது வண்டி மேல் வந்த அலுப்பு இல்லை. அன்று டீக்கடைக்கு எதிரில், தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாத ஆளாக இருக்கிறேனே என்ற அலுப்பு. அப்போதும் மெக்கானிக்குக்கு போன் செய்தேனா? இல்லை. எட்டாவது மாதத்தில் போய், முதல் நாள் பொய் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது? முன்பக்க அச்சிலிருந்த இணைப்புகள் அத்தனையையும் கழற்றி, கிரீஸ் வைத்து, திரும்ப மாட்டினேன். ஒரு நட்டு மிச்சம் வந்தது. அதை யாரும் பார்க்காமல் ஓடையில் போட்டேன்.

ஜூன் பிறந்து மூன்றாவது நாள், ஒரு சனிக்கிழமை, மழை வந்தது. மாலையில் தொடங்கி விடிய விடியப் பெய்து, மறுநாள் காலையில் விட்டது. மரங்களுக்கு மழை மறைக்கும் பிளாஸ்டிக் கட்டியிருந்ததால் பால்வெட்டுக்காரி வெட்டுக்குப் போய்விட்டாள். நானும் என் மனைவியும் வண்டியை எடுத்தோம். ஓடை நிறைந்து ஓடியது. கடந்தோம். மண்பாதை கடந்தோம். ஏற்றத்தின் அடியில் குட்டி லிவரைத் தள்ளி, சாமியை முன்கூட்டியே கூப்பிட்டுவிட்டு ஏறினேன். பத்தடி போயிருக்கும். பின் சக்கரங்கள் வழக்கம்போல. வண்டி சறுக்கி அடிவாரத்துக்கே திரும்பியது. இந்த முறை நான் குதிக்கவில்லை. தைரியம் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், இடுப்பு பிடித்திருந்தது.

என் மனைவி வெளியிலிருந்து கதவைத் திறந்துவிட்டாள். இறங்கி ஒரு கல்லில் உட்கார்ந்தேன். மேலே, ஏற்றத்தின் உச்சியில் பால்வெட்டுக்காரி தெரிந்தாள். தலையில் கேன். ஒரு கையால் செடிகளைப் பிடித்துக்கொண்டு, இடது காலை வளைக்காமல், ஒவ்வொரு அடியாக. இரண்டு இடத்தில் நின்றாள். என் மனைவி பாதிவரை ஏறிப்போய்க் கேனை வாங்கப் பார்த்தாள். “விடுட்டி, நீயும் விழுவ,” என்று பால்வெட்டுக்காரி கத்தினாள்.

கீழே வந்து கேனை இறக்கினாள். சேலையை முட்டுவரை தூக்கிப் பார்த்தாள், வீங்கியிருந்தது. வண்டியின் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு வேரில் உட்கார்ந்தாள்.

“போதும் மக்களே,” என்றாள் என் மனைவியைப் பார்த்து. “நாளைக்கு நான் கீழ்த்தோட்டத்துக்குப் போறேன். ஒனக்கு ஆளு கெடைக்கது வரைக்கும் வாரத்துல ஒருநாள் மேல போய் மரத்தப் பாத்துக்கிடுதேன்.”

என் மனைவி தலையை ஆட்டினாள். நான் கல்லில் உட்கார்ந்து என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மாதக் கிரீஸ் நகக்கண்களில்.

“இது என்னது சாரே?” என்றாள் அவள்.

நிமிர்ந்தேன். சக்கரத்தின் நடுவில், என் கறுப்புப் பெயிண்ட் ஒரு ஓரத்தில் கிளம்பியிருந்தது. ஓடைத் தண்ணீர் பட்டதாக இருக்கலாம். அவள் விரல் அங்கே இருந்தது. கேட்டுக்கொண்டே, பதிலுக்குக் காத்திராமல், நகத்தை உள்ளே விட்டு இழுத்தாள். இருபது வருடமாகத் தினமும் முந்நூறு மரத்தில் இழுக்கிற கை. துணியும் பாலும் பெயிண்டும் சேர்ந்து ஒரே தோலாக, பட்டையிலிருந்து வருவது போல உரிந்து வந்தது. அதைச் சுருட்டி இடுப்புப் பையில் போட்டாள்.

“ஒட்டுப்பால சும்மா கெடக்க விடப்படாது.”

பழைய சேறும் பாலோடு உரிந்து வந்திருந்ததால், எட்டு மாதத்துக்குப் பிறகு சுத்தமாக, அந்த வட்ட மூடி பளபளத்தது. நடுவில் விரல் வைத்துத் திருப்புவதற்கான பள்ளம். அதன் ஓரத்தில் ஒரு சிறு கோடு. சுற்றிலும் ஆங்கிலத்தில் இரண்டு சொல். என் மனைவி குனிந்து படித்தாள்.

“ஃப்ரீ. லாக்.”

கோடு ஃப்ரீயில் இருந்தது.

பலாமரத்தடியில்தான் போனுக்கு சிக்னல் உண்டு. போய் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். முன் சக்கரத்தில் ஒரு திருகு இருக்கிறது, ஃப்ரீ என்று இருக்கிறது, லாக் என்று இருக்கிறது என்றேன்.

“சாரே, அதத்தானே நான் மொதல்ல கேட்டேன். நீங்க என்ன சொன்னிய?”

“போட்டாச்சுன்னு சொன்னேன்.”

“போட்டியளா?”

“அப்படி ஒண்ணு உண்டுங்கதே எனக்குத் தெரியாது.”

சொன்ன பிறகு, முதுகிலிருந்து ஒரு மணல் மூட்டையை இறக்கியது போல இருந்தது. எட்டு மாதம் முன்னால் சொல்லியிருந்தால் இன்னும் கனம் குறைவாக இருந்திருக்கும்.

“ரெண்டு வீல்லயும் கையால லாக்குக்குத் திருப்புங்க. அது ஃப்ரீயில கெடந்தா நீங்க உள்ள எந்த லிவரத் தள்ளினாலும் வீலுக்குப் போய்ச் சேராது. திருப்பிட்டு ஏத்துங்க. வைங்க போன.” அவர் சிரிப்பது, போனை வைப்பதற்குள் கேட்டுவிட்டது.

அடுத்த சக்கரத்தில் இருந்ததை நானே உரித்தேன். எனக்கு ஒரே தோலாக வரவில்லை, பத்துத் துண்டாக வந்தது. பால்வெட்டுக்காரி கையை நீட்டினாள். கொடுத்தேன், பையில் போட்டுக்கொண்டாள். இரண்டு திருகையும் திருப்பினேன். வெண்ணெயில் விரல் போவது போலத் திரும்பின. என் பால் அவ்வளவு நன்றாகக் காப்பாற்றியிருந்தது.

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியைப் பார்த்தேன். என் மனைவி சாவியை வாங்கிக்கொண்டாள்.

“நீங்க எறங்கி நில்லுங்க.”

நான் ஏற்கெனவே இறங்கித்தான் நின்றிருந்தேன். அதில் எனக்குப் பழக்கம் உண்டு.

“ஏட்டி, ஏறு,” என்றாள் பால்வெட்டுக்காரியிடம்.

“வேண்டாம் மக்கா, எனக்குப் பயமாட்டு இருக்கு. சாரு குதிச்ச ஜன்னலு எனக்குப் பத்தாது.”

“ஏறுட்டி.”

அவள் காலை நீட்டியபடியே முன் சீட்டில் ஏறினாள். நான் முட்டுக்கொடுக்க ஒரு பெரிய கல்லைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றேன். குட்டி லிவர் விழுகிற சத்தம் கேட்டது. வண்டி ஏற்றத்தில் கால் வைத்தது. முன் சக்கரங்கள் சுற்றின. எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவை மண்ணைப் பிடித்து இழுப்பதைப் பார்த்தேன். இரைச்சல் இல்லை, ஓட்டம் இல்லை, சேறு தெறிக்கவில்லை; மாடு ஏறுவது போல, மெதுவாக, நிற்காமல் ஏறி, உச்சியைத் தாண்டி, ரப்பர் மரங்களுக்கு நடுவே போய் மறைந்தது. மேலே இருவரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் கல்லைக் கீழே போடாமல் பாதி ஏற்றம்வரை நடந்தேன். போடலாம் என்பது தோன்றவில்லை.

நடந்தது இவ்வளவுதான். அந்த வண்டிக்கு எந்தக் கோளாறும் இருந்ததில்லை. வாங்கிய நாளிலிருந்து முன் சக்கரங்கள் ஃப்ரீயில் கிடந்தன. அதை யாரும் பார்த்துவிடாதபடி நான்தான் பாலூற்றி மூடிவைத்திருந்தேன். மறுநாள் அவள் கீழ்த்தோட்டத்துக்குப் போகவில்லை. எங்கள் தோட்டத்தில் முந்நூறு மரமும் வெட்டினாள். என் மனைவி என்னை மட்டும் நாகர்கோவிலுக்கு அனுப்பிவிட்டு, ஓடைக்கரை வீட்டிலேயே தங்கி, தினமும் கேனை வண்டியில் வைத்துக் கீழே கொண்டுவந்தாள்.